பழைய பாக்கி வேறு, புது ரேட் வேறு

காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பதினோரு வருடமாகத் தோட்டப் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம், இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள், ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. கையில் ஒன்பது ஆட்கள். அதில் ஏழு பேர் திருவலம், சேர்க்காடு பகுதியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வரும் பெண்கள். மாத வரவு ஏறக்குறைய இரண்டு லட்சம். அதில் 90,000 ரூபாய் ஷூ கம்பெனியிலிருந்து மட்டும் வருகிறது, ஜி.எஸ்.டி. தனி. அங்கே 40,000 சதுர அடி புல்தரை, சுற்றிலும் வேலிச்செடி, வாசலில் பூச்செடிகள். 2023 ஜூலையில் அப்போதிருந்த மேனேஜர் வாய்வார்த்தையாகப் பேசி வேலையைக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை.

இந்த வருடம் புது பர்ச்சேஸ் மேனேஜர் வந்திருக்கிறார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாத பில்லும் நிற்கிறது. மே 12-ம் தேதி மஞ்சளாகக் கிடக்கும் புல்லை நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மறுநாள் நேரில் கூப்பிட்டு, "வேற ஒருத்தர் 65,000-க்கு ரெடியா இருக்காரு. நீங்க பழைய ஆளு, 72,000-க்கு வாங்க. வந்தா பெண்டிங் பில் மூணையும் இந்த வாரமே பாஸ் பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

வாசகர் கேட்பது இவை. அக்ரிமென்ட் இல்லாததால் எனக்கு உரிமையே இல்லையா? 72,000-க்கு ஒத்துக்கொண்டு, பெண்களின் கூலியை 520-லிருந்து 420 ஆக்கிச் சமாளிக்கலாமா? என் சொந்தக் காசில் 38,000 ரூபாய்க்குப் போட்ட ஸ்பிரிங்க்ளரையும் பைப்பையும் கழற்றிக்கொண்டு வந்துவிடலாமா? வழக்கு, புகார் என்று போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர் வரை எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காமல் போகுமா? கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. கூலி பற்றிய பேச்சு எப்படியோ வெளியே தெரிந்து, மூத்த பெண் ஒருவர் களை பிடுங்கிக்கொண்டே, "இன்னாண்ணே, கூலி கொறைக்கப் போறியாமே?" என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

தம்பி, நான் உங்களைவிட மூத்தவள், அதனால் அப்படியே அழைக்கிறேன். சத்துவாச்சாரி கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேலாகத் தொழிலாளர் வழக்கும் சிறு தொழில் செய்பவர்களின் பண வழக்கும் பார்த்து வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே முடிச்சாகத் தெரிவது உண்மையில் இரண்டு முடிச்சுகள். செய்து முடித்த வேலைக்கு வர வேண்டிய பணம் ஒன்று. இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு என்ன விலை என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் அந்த மேனேஜர். அவர் கட்டிய முடிச்சை நீங்களும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதைப் பிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் ஒரு கணக்கு

நீங்கள் எழுதிய எண்களையே வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் நாலு பேர். மூன்று பெண்களுக்கு நாளுக்கு 520 வீதம் 26 நாள், 40,560 ரூபாய். மெஷின் ஓட்டும் ஆளுக்கு 750 வீதம் 19,500. ஆக, கூலி மட்டும் 60,060. பெட்ரோல், ஆயில், பிளேடு, உரம், செம்மண், வண்டிச் செலவு, மெஷின் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 13,500 என்கிறீர்கள். மொத்தச் செலவு 73,560. உங்களுக்கு மிஞ்சுவது 16,440.

அவர் குறைக்கச் சொல்வது 18,000.

நீங்கள் கடிதத்தில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு தோணுது" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் முழு வருமானத்தையும் விட்டுக்கொடுத்து, கையிலிருந்து மாதம் 1,560 ரூபாயும் போட்டால்தான் அந்த அட்ஜஸ்ட்மென்ட் நடக்கும். 20 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். அது மொத்த பில்லில் 20 சதவீதம். உங்கள் பங்கிலோ நூறு சதவீதத்துக்கும் மேல். உங்களைப் போல ஆள் வைத்து வேலை செய்கிறவர்களின் பில்லில் மூன்றில் இரண்டு பங்கு வேறு ஆட்களின் கூலி. அது உங்கள் கை வழியாகப் போகிற பணமே தவிர, விட்டுக்கொடுக்க உங்களுடையது இல்லை. மேனேஜருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அவர் பார்ப்பது ஒரு தாளில் ஒரு எண். அடுத்த முறை போகும்போது இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். லாபத்தைக் காட்டத் தேவையில்லை, கூலி வரியை மட்டும் காட்டினால் போதும்.

அந்த 65,000 ரூபாய்க்காரர் உங்களைப் போலவே வேலை செய்து 25,000 குறைவாகக் கேட்கிறார் என்று நம்பிவிட்டீர்கள். அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. நாலு ஆட்களோடு வாரத்தில் ஒரு நாள் வந்து பிரஷ் கட்டரில் அடித்துவிட்டுப் போகிற வேலைக்கு அந்த ரேட் கட்டுப்படியாகலாம்.

சில வருடங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒருவரின் வழக்குக்காக ஒரு புல்தரையைப் போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோரை எடுத்துக்கொண்டிருந்தார். இலையைப் பிடித்து இழுக்கவில்லை. கம்பியை மண்ணில் சாய்வாக இறக்கி, நெம்பி, நூல் மாதிரி இருந்த வேரைப் பிடித்து, அதன் முனையில் இருந்த கறுப்புக் கிழங்கை எடுத்துக் காட்டினார். "இது உள்ளயே நின்னுச்சுன்னா பத்து நாள்ல திரும்பக் கெளம்பிடும்மா" என்றார். ஒரு பாய் அகலத்துக்கு எடுத்து முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிரஷ் கட்டரால் இதைச் செய்ய முடியாது. மேலே சீவிவிட்டால் அன்றைக்குப் பச்சையாகத் தெரியும், ஆறு மாதத்தில் புல்தரை கோரைக்காடாகிவிடும். ஆகவே அந்தக் கொட்டேஷனைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சார், அதுல எத்தனை ஆள், எத்தனை நாள், களை கையால எடுக்கறது சேர்த்தியான்னு போட்டிருக்கா?"

எழுத்தில் இல்லையென்றால் உரிமை இல்லையா?

இருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் தவறாக நினைத்துக்கொண்டு வர வேண்டிய பணத்தை விட்டுவிடுகிறார்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் வாய்வார்த்தை ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகத்தான் ஏற்கிறது. ஒப்பந்தமே இல்லை என்று அவர்கள் வாதாடினாலும், சும்மா செய்து கொடுக்கும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 70-வது பிரிவு சொல்கிறது. 2023 ஜூலையிலிருந்து மாதா மாதம் 90,000 ரூபாய்க்கு நீங்கள் பில் போட்டு, அவர்கள் பிடித்தம் போக பேங்கில் செலுத்தி வந்திருக்கிறார்கள். உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஜி.எஸ்.டி. கணக்கும் அவர்கள் வருமான வரி பிடித்த கணக்கும்தான் உங்கள் அக்ரிமென்ட். வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு.

இதைவிடப் பெரிய ஒன்று உங்களிடம் இருக்கிறது. 2022-ல் மெஷின் லோனுக்காக உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) எடுத்ததாக மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழை ஃபைலிலிருந்து எடுத்து மேசை மேல் வையுங்கள். 2006-ம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, உங்களைப் போன்ற குறுந்தொழில் செய்பவருக்கு, எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுதிக்கொண்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இது 18 சதவீதம். இந்த வேலை உங்களுக்கு வந்தது பதிவு எடுத்த பிறகு என்பது பெரிய சாதகம். பதிவுக்கு முந்தைய ஒப்பந்தங்களில்தான் வழக்குச் சிக்கல் வருகிறது.

கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் புரிகிற மொழியில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. குறு, சிறு நிறுவனத்துக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராமல் மார்ச் 31-ஐத் தாண்டவிட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த விதி இது. உங்கள் பிப்ரவரி பில் இதில் மாட்டும். இன்னொன்று, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லைக் காட்டி அவர்கள் எடுத்த ஜி.எஸ்.டி. வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜருக்கு இதெல்லாம் காதில் ஏறாது. அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு ஒரு நகல் போனால் அவரே பர்ச்சேஸ் அறைக்குப் போய்க் கேட்பார். இப்படிப் பணம் வந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

மூன்று பில்லும் வரியோடு சேர்த்து 3,18,600 ரூபாய். அதில் 48,600 ஜி.எஸ்.டி. பணம் வருவதற்கு முன்பே, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அந்த வரியைக் கட்டியிருக்கிறீர்கள். படிக்கும்போது மனசு கஷ்டமாக இருந்தது. மேனேஜர் சொன்ன இன்னொரு யோசனையையும் எழுதியிருந்தீர்கள், "ஜி.எஸ்.டி. இல்லாம பில் போட்டா ரேட் குறையும்ல" என்று. வேண்டாம். பதிவு வைத்துக்கொண்டு வரியில்லாமல் பில் போட்டால் பிடிபடுவது நீங்கள். அவர்கள் அந்த வரியை வரவாக எடுத்துக்கொள்ளக்கூடிய கம்பெனி, உங்கள் ஜி.எஸ்.டி.யால் அவர்களுக்குச் செலவு கூடவில்லை.

கையெழுத்துப் போடக் கூடாத காகிதம்

இந்த வாரம் பில் பாஸ் ஆகும் என்று சொல்லி ஒரு கடிதத்தை நீட்டக்கூடும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி எதுவும் இல்லை" என்று அதில் இருக்கும். பழைய மூன்று மாதத்துக்கும் 72,000 வீதம் கணக்குப் போட்டு அதில் கையெழுத்து வாங்கிவிட்டால், மீதி 54,000 ரூபாயும் அதற்கான வரியும் போனதுதான். தர வேண்டியதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு இடம் தருகிறது. பணமுடையில் நெருக்கிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம். வாங்கின தொகைக்கு ரசீது கொடுங்கள். ரசீதில் "மேற்படி பில் எண்களில் ஒரு பகுதி" என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

கூலியில் கை வைக்காதீர்கள்

இதை நீங்கள் ஆசைப்பட்டு யோசிக்கவில்லை, தெரியும். ஆனாலும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளுக்கு 100 ரூபாய் குறைத்தால் மூன்று பெண்களிடமிருந்தும் மாதம் 7,800 ரூபாய் போகிறது. அது உங்களிடம் நிற்கப்போவதில்லை, அப்படியே கம்பெனிக்குப் போகும். இன்னொரு புறம், தமிழக அரசு குறைந்தபட்சக் கூலியை அறிவித்திருக்கிறது, ஏப்ரல் தோறும் பஞ்சப்படி மாறுகிறது. 420 அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறதா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் பட்டியலை வாங்கிப் பாருங்கள். 520-ஐயும் அதே பட்டியலில் சரிபார்த்துவிடுங்கள். கீழே போனால், "அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்ற பதில் செல்லாது. 1948-ம் வருடச் சட்டத்திலும் அப்படித்தான், அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். கான்ட்ராக்டர் கூலி பாக்கி வைத்தால், வேலை நடக்கும் இடத்தின் முதலாளியே தர வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே கம்பெனியிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்: "சார், இதுக்குக் கீழ போனா பிரச்சினை எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும்தான்."

"ஒன்பது பேர்தானே, இ.எஸ்.ஐ. வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. பத்துப் பேர் இருந்தால்தான் வரும் என்ற கணக்கு உங்கள் நிறுவனத்தைத் தனியாகப் பார்க்கும்போதுதான். உங்கள் ஆட்கள் வேலை செய்வது இ.எஸ்.ஐ. வட்டத்துக்குள் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் வளாகத்தில். ஒரு சினிமா தியேட்டரின் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புல் வெட்டும் ஆட்களுக்கும் அதே நியாயத்தை வைத்துத்தான் நான் வாதாடுவேன். முதலாளி பங்கு கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. நாலு பேருக்கும் உங்கள் பங்கு மாதம் சுமார் 1,950 ரூபாய். அதைச் சேர்த்தால் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 14,500 தான். இதை விலையில் சேர்க்காமல் விட்டிருப்பது உங்கள் தவறு. மேனேஜர் கேட்காவிட்டாலும் நீங்களே திருத்திக்கொள்ள வேண்டிய தவறு. மெஷின் கல்லைத் தெறித்து ஒருவர் கண்ணில் பட்டால் அந்த 1,950-ன் அருமை அன்றைக்குத் தெரியும்.

அந்த மூத்த அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுங்கள், தம்பி. நாளைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் புல் போட்டோ

முன்னே சொன்ன 2006-ம் வருடச் சட்டப்படி, வேலை சரியில்லை என்ற ஆட்சேபத்தை வேலை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பிப்ரவரி, மார்ச் வேலைக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஏப்ரல் பில்லை மே 2-ம் தேதி கொடுத்திருக்கிறீர்கள், போட்டோ வந்தது 12-ம் தேதி. ஏப்ரல் மாதத்தை மட்டும் அவர்கள் தகராறு என்று சொல்ல இடமிருக்கிறது. அதனால் பதில் எழுதாமல் விடாதீர்கள்.

பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து "சார், போர் தண்ணி வரல", "சார், வாரத்துக்கு ரெண்டு நாள் அரை மணி நேரம்தான் விடறாங்க" என்று ஆறு மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். பாலாற்றங்கரை ஊரில், கத்திரி வெயிலில், மெக்சிகன் புல்லுக்கு வாரத்தில் ஒரு மணி நேரத் தண்ணீர் விட்டால் மஞ்சளாகாமல் என்ன ஆகும்? தண்ணீர் தருவது அவர்கள் பொறுப்பு என்பது இதுவரை நடந்துவந்த பழக்கம். அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் அதற்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

ஸ்பிரிங்க்ளர் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். ராத்திரியில் போய்க் கழற்ற நினைக்காதீர்கள். கேட்டுக்குள் உங்கள் சொந்தப் பொருளாகவே இருந்தாலும், சொல்லாமல் எடுத்தால் திருட்டுப் புகார் கொடுக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். பொருள், வாங்கிய தேதி, கடை பில் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, விலை கொடுங்கள் அல்லது கேட் பாஸ் கொடுத்து எடுத்துக்கொள்ள விடுங்கள் என்று கடிதத்திலேயே கேளுங்கள்.

ரேட்டை விடாமல் பில்லைக் குறைக்க

மேனேஜருக்கும் மேலே யாரோ செலவைக் குறை என்று சொல்லியிருப்பார்கள். வெறும் "முடியாது" என்று சொல்லி அவரை அனுப்பினால், அவர் 65,000 ரூபாய்க்காரரிடம்தான் போவார். அவருக்கு எடுத்துக்கொண்டு போக ஏதாவது கொடுங்கள். அது வேலையின் அளவிலிருந்து வர வேண்டும்.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றுவது இது. பின்பக்க காம்பவுண்ட் ஓரம் 12,000 சதுர அடி யாரும் பார்க்காத புல். அதைப் புல்லாகக் காப்பாற்றுவதை நிறுத்தி, வேம்பு, புங்கன், பூவரசு வைத்து இலைச்சருகு மூடாக்குப் போட்டுவிடலாம். தண்ணீரும் மிச்சம். தண்ணீர் இல்லாத மார்ச் முதல் ஜூன் வரை புல் வளர்வதே குறைவு, அப்போது மாதம் மூன்று வெட்டு வீண். நம் வட ஆற்காட்டில் ஆடி, ஆவணியிலேயே ராத்திரி மழை ஆரம்பித்துவிடும். அங்கிருந்து கார்த்திகை வரைதான் புல் ஓடும், வெட்டை அந்த மாதங்களுக்கு மாற்றலாம். இப்படிச் செய்தால் மூன்று ஆள் போதும். கூலி 46,540, இ.எஸ்.ஐ. சுமார் 1,510, மற்ற செலவு 11,500. மொத்தம் 59,550. நீங்கள் 75,000 கேட்கலாம். கம்பெனிக்கு மாதம் 15,000 மிச்சம், அவர் கேட்டதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. உங்களுக்கு 15,450 நிற்கிறது, இப்போது நிற்பதைவிடக் குறைவில்லை. அங்கே வேலை இல்லாமல் போகும் மூன்றாவது பெண்ணுக்கு மற்ற இடங்களில் நாள் ஒதுக்க முடியுமா என்பதை முதலில் பார்த்துவிட்டு இந்தப் பேச்சை எடுங்கள். அது முடியாதென்றால் 12,000 அடியைக் கைவிடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இன்னொரு சலுகையும் தரலாம். பில் கொடுத்து பத்து நாளுக்குள் பணம் வந்தால் 2 சதவீதம் தள்ளுபடி. அடகுக் கடை வட்டியோடு பார்த்தால் உங்களுக்கு அதுவே லாபம். இது புது பில்களுக்கு மட்டும்.

எது முடிவானாலும் இந்த முறை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சதுர அடி, எத்தனை ஆள், எந்த மாதம் எத்தனை வெட்டு, தண்ணீர் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில், ஏப்ரல் பஞ்சப்படி ஏறினால் ரேட் எவ்வளவு ஏறும், நிறுத்துவதானால் இரு பக்கமும் 30 நாள் நோட்டீஸ். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இப்படியே செய்யுங்கள். அங்கே செயலாளர் மாறிக்கொண்டே இருப்பார், சங்கத்தின் தீர்மான நகலையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

புகார் கொடுத்தால் வேலை போகுமா?

போகலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். வசதி மன்றத்தில் (குறு, சிறு தொழில்களின் பணப் பாக்கித் தகராறுகளை அதே 2006-ம் வருடச் சட்டப்படி விசாரிக்கும் அமைப்பு) மனுப் போட்ட பிறகு அதே கம்பெனியில் புல் வெட்டிக்கொண்டிருப்பது நடக்கிற காரியம் இல்லை. உங்கள் வரவில் கிட்டத்தட்ட பாதி ஒரே இடத்திலிருந்து வருகிறது, அதனால்தான் அந்த மேனேஜரால் இவ்வளவு நெருக்க முடிகிறது. எனவே மனுவைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதல் படி கடிதம். பதினைந்து நாள் பார்த்து வக்கீல் நோட்டீஸ். அதன்பிறகுதான் இணையதளம் வழியாக மன்றத்துக்கு மனு. ராணிப்பேட்டை 2019-லிருந்து தனி மாவட்டமாயிற்றே என்று யோசிக்க வேண்டாம், வேலை செய்து கொடுத்தவர் இருக்கும் இடத்தை வைத்தே மனுப் போடலாம். மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி அவர்கள் கோர்ட்டுக்குப் போனால், முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும், அதையும் மனதில் வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் இன்னும் இரண்டு சிறிய இடங்களைப் பிடிக்கப் பாருங்கள்.

ஊர் முழுக்கப் பெயர் கெடும் என்ற பயத்துக்கு என்னால் உறுதி கொடுக்க முடியாது. மரியாதையாக, கணக்கோடு, எழுத்தில் கேட்டவரைப் பற்றி அதிகம் கெட்டதாகப் பேச முடிவதில்லை. வேலையைத் திடீரென்று நிறுத்தியவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதனால் பணம் வராவிட்டால் இன்ன தேதியிலிருந்து வேலையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று முன்கூட்டி எழுதாமல் ஆட்களைத் திருப்பி அழைக்காதீர்கள்.

திங்கள்கிழமை கொடுக்க வேண்டிய கடிதத்துக்கு மூன்று பத்தி போதும். முதலில் மூன்று பில் எண், தேதி, தொகை, இந்தப் பாக்கியை உறுதிசெய்து தரவும் என்ற வேண்டுகோள். அவர்கள் கெடுவுக்குள் ஒரு கையெழுத்துப் போட்டாலே வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். அடுத்து உத்யம் எண்ணும் 15 நாள் விதியும், ஒரு வரியில். கடைசியாக, மே 12 போட்டோவுக்குப் பதில், தண்ணீர் மெசேஜ்களின் தேதிகளோடு. புது ரேட் பற்றி இதில் ஒரு சொல்லும் எழுதாதீர்கள், அதற்குத் தனிக் கடிதம், தனி நாள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய் ஒன்றை பர்ச்சேஸுக்கும் ஒன்றை அக்கவுன்ட்ஸுக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் கடிதம் வந்ததற்கான இன்வேர்ட் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே தபால் ஆபீஸுக்குப் போய் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதைக் கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள்.